ஸ்கொட்லாந்துத் தீவில் இரண்டு சம்பந்திமார்

போன செவ்வாய்க்கிழமை பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். பள்ளிவாசல்துறைக்கு ஒரு டிக்கெட் என்றேன். கொண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு ரகசியம் பேசுகிற குரலில், ஆனால் பஸ் முழுக்கக் கேட்கும்படி, கேட்டார்.

"நீங்க வெள்ளக்காரன்ட தீவுல மாட்டின ஹாஜியார்ட வைஃப்தானே?"

பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன் ஸீட்டில் இருந்த ஒரு தாய் போனை எடுத்து வீடியோவையே போட்டுக் காட்டிவிட்டார். ஓரஞ்சு நிறப் படகு. அதில் ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, மகளின் ரோஸ் நிறக் கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டியபடி... ஆம், அவரேதான். மறுக்க முடியுமா? ஓம் என்றேன். டிக்கெட்டைத் தந்துவிட்டு, "சுகமா இரிக்காரா?" என்று அக்கறையாக விசாரித்தார் கொண்டக்டர்.

மூன்று வாரம் பேப்பரில் இந்தப் பத்தி வரவில்லை என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். ஸ்கொட்லாந்தில் பார்க்க என்ன இருக்கிறது, பிள்ளைகளிடம் போனால் எங்கெல்லாம் போகலாம் என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். இடங்களைச் சொல்வதென்றால் ஹாஜியாரின் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எப்படியும் பஸ்ஸில் போட்டுக் காட்டுகிறார்கள். என் வாயால் சொன்னால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

எங்கள் மகள் நுஸ்ரா எடின்பரோவில் வேலை செய்கிறாள். அவளுக்கு அஸ்ஹர் என்று மாவனல்லைப் பிள்ளை ஒருவரைப் பேசியிருக்கிறோம். பேசியிருக்கிறோம் என்பது மரியாதைக்கு... அவர்கள் பேசி முடித்ததை நாங்கள் திரும்பப் பேசினோம். நல்ல பிள்ளை. அவரும் அங்கேதான் வேலை. அவருடைய வாப்பா பிரின்சிபல், உம்மா பரீதா டீச்சர். எல்லாமே பொருந்தியது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாணம் எந்த மாதம்?

இதில்தான் வண்டி நின்றது.

ஹாஜியாருக்கு மூன்று வள்ளம். கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் கலண்டரைச் சுவரில் மாட்டுவதே அழகுக்குத்தான். ஐப்பசி முதல் சித்திரை வரை கடல் நல்ல கடல். அந்த மாதங்களில் யாரும் கரையில் நிற்கமாட்டார்கள். தென்மேற்குக் காற்று எழும்பி வள்ளங்களைக் கரையில் ஏற்றிய பிறகுதான் கல்யாணம், பையன்களுக்குக் கத்னா, வீடு திருத்துவது எல்லாம். ஆகவே ஹாஜியார் ஜூலை என்றார்.

பிரின்சிபல் டிசம்பர் என்றார். அவர் குடும்பத்தில் எங்கே கல்லெறிந்தாலும் ஒரு ஆசிரியர் மேல்தான் விழும். ஜூலையில் பள்ளிக்கூடம் நடக்கிறது. பெரிய லீவு விடுவது டிசம்பரில். ஜூலையில் வைத்தால் தன் பக்கத்தில் தானும் மனைவியும் மட்டும் வருவோம் என்றார். டிசம்பரில் வைத்தால் பெண்ணின் வாப்பாவே வரமாட்டார் என்றார் ஹாஜியார்.

இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். ஆனால் இரண்டு பேருடைய முயலுக்கும் மூன்று கால். போனிலே பேசிப் பார்த்தோம், ஆள் விட்டுப் பார்த்தோம். அசையவில்லை. அதற்குள் அஸ்ஹரின் கம்பெனி அவரை அடுத்த வருஷக் கடைசியில் கனடாவுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டது. கல்யாணத்துக்கு லீவு வேண்டுமென்றால் மாத முடிவுக்குள் திகதியை எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும். இரண்டு வருஷம் தள்ளிப்போன கல்யாணங்கள் எத்தனை, பிறகு நடந்தவை எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நுஸ்ரா போனில் ஒன்றும் சொல்லமாட்டாள். "வாப்பா என்ன சொல்றார்?" என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு வந்தது.

கடைசியில் பிள்ளைகள்தான் ஒரு வழி கண்டார்கள். ஆகஸ்டில் இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் அங்கே கூப்பிட்டு, ஒரே வான் வண்டியில் ஏற்றி, நாலு நாள் ஊர் சுற்றிக் காட்டுவது. அழகான இடத்தைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைத்திருக்கிறார்கள். பாவம், இளம் பிள்ளைகள்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

முதலில் மேற்குக் கரையில் ஓபன் என்று ஒரு துறைமுக ஊர். கட்டாயம் போங்கள். குடா முழுக்க மீன்பிடிப் படகுகள், எதிரே தீவுகள், மலைச்சரிவில் வரிசையாக வீடுகள். எல்லோரும் கடலைப் பார்த்து போட்டோ எடுத்தார்கள். ஹாஜியார் கயிற்றைப் பார்த்தார். நண்டு பிடிக்கிற கூடுகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் குந்திக்கொண்டு முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். கூட்டுக்குச் சொந்தக்காரன் ஓடிவந்தான். இவருக்கு இங்கிலீஷ் வராது, அவனுடைய இங்கிலீஷ் எங்களுக்கே விளங்கவில்லை. கால் மணித்தியாலம் இரண்டு பேரும் கையால் கதைத்தார்கள். திரும்பி வந்து, அவனுக்கும் டீசல் பிரச்சினைதான் என்றார். எப்படி விளங்கியதோ!

அங்கிருந்து ஃபெரியில் முக்கால் மணித்தியாலம் போனால் மல் என்று பெரிய தீவு. வழியில் பாறை மேல் ஒரு வெள்ளை வெளிச்சவீடு, தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற பழைய கோட்டை. மல் தீவிலிருந்து இன்னொரு சின்னப் படகில் ஏறினால், தடித்த கலர் மூக்குள்ள பஃபின் என்ற பறவையைப் பார்க்கலாம் என்று அஸ்ஹர் ஆசை காட்டியிருந்தார். ஆனால் படகுக்காரர் கையை விரித்துவிட்டார். பஃபின்கள் அந்த மாதத் தொடக்கத்திலேயே கடலுக்குப் போய்விட்டனவாம். இனி அடுத்த வசந்தத்துக்குத்தான் கரைக்கு வருமாம்.

நாங்கள் எல்லோரும் ஏமாந்து நிற்க, ஹாஜியார் மட்டும் மலர்ந்த முகத்தோடு பிரின்சிபல் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சேர், பறவைக்கும் சீசன் இரிக்கி" என்றார்.

பிரின்சிபல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பறவைகள் பள்ளிக்கூடம் போவதில்லை என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் ஃபெரியில் ஒருவர் முன் பக்கம் போய் நின்றார், மற்றவர் பின் பக்கம். நுஸ்ரா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பரீதா டீச்சர் வந்து அவள் தோளில் கையைப் போட்டார். எனக்கு அந்த மனுஷியை மிகவும் பிடித்துப்போனது அப்போதுதான்.

மோரார் பக்கம் ஒரு கடற்கரை. மணல் சீனி மாதிரி வெள்ளை, தண்ணீர் பச்சைக் கண்ணாடி. எங்கள் ஆலங்குடாவைக் கொண்டுபோய் மலைகளுக்கு நடுவில் வைத்த மாதிரி இருந்தது. ஒரு குடும்பம் நீந்திக்கொண்டிருந்தது. நம்பிக்கையோடு காலை வைத்தேன்... ஐஸ் பெட்டிக்குள் வைத்த மாதிரி! வெளியே எடுத்த கால் வெகுநேரத்துக்கு என்னுடையதாக இல்லை. எதிரே சில தீவுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ரம். ஹாஜியார் அந்தப் பக்கம் மட்டும் போட்டோ எடுக்கவில்லை.

பிறகு ஸ்கை. இந்தத் தீவை எப்படிச் சொல்வது? மடிப்பு மடிப்பாகக் கல்லை நிறுத்தி வைத்த மலைவிளிம்பு. அதன் உச்சியிலிருந்து ஒரு அருவி நேரே கடலுக்குள் குதிக்கிறது. ஆற்றில் போய்ச் சேருகிற பொறுமை அதற்கு இல்லை. மழை, வெயில், வானவில், மறுபடி மழை எல்லாம் ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் வந்து போய்விடும். ரோட்டின் நடுவில் ஆடுகள் படுத்திருக்கும். ஹோன் அடித்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அந்தி நேரத்தில் மிட்ஜ் என்று ஒரு பூச்சி வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. கற்பிட்டி நுளம்பு அதன் முன்னால் பண்புள்ள பிராணி. போகிறவர்கள் அதற்கான மருந்து வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தில் நான் கவனித்தது ஒன்று. பிரின்சிபல் எங்கே போனாலும் போர்டுகளை வாசிப்பார். ஒரு வரி விடாமல், சத்தமாக. கழிவறையை உபயோகிக்கும் முறை உட்பட. ஹாஜியார் ஒரு போர்டையும் பார்க்கமாட்டார். காற்றைப் பார்ப்பார், மேகத்தைப் பார்ப்பார், தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். அவர் சொன்னபடியே மழையும் வந்தது. நாலாம் நாள் ஆகும்போது பிரின்சிபலே காலையில் எழும்பி, "நானா, இண்டைக்கு குட வேணுமா?" என்று அண்ணன் முறை வைத்து இவரைக் கேட்கத் தொடங்கிவிட்டார். எல்லா விஷயத்திலும் கேட்பார். டிசம்பரைத் தவிர.

கடைசி நாள். எடின்பரோவுக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் அஸ்ஹர் திகதியை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவதற்குத் திகதி இல்லை.

நகரத்திலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில், கடற்கரை ஓரத்தில் ஒரு சின்னத் தீவு. பெயர் சொல்லமாட்டேன், போய் மாட்டினால் என்னைத் திட்டுவீர்கள். அழகான இடம். கடல் வற்றும்போது கரையிலிருந்து தீவுக்கு ஒரு மைல் தூரம் பாதை வெளியே வரும். நடந்தே போகலாம். பாதையின் ஒரு பக்கம் முழுக்க, யுத்த காலத்தில் நட்ட கொங்கிரீட் தூண்கள் பல்வரிசை போல் நிற்கும். கடல் பெருகும்போது பாதை மூடிவிடும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நடக்கலாம் என்று பாதை தொடங்கும் இடத்திலேயே பெரிய போர்டு இருக்கிறது.

பிள்ளைகள் வானை நிறுத்திவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். பரீதா டீச்சருக்கு முழங்கால் வலி. அவருக்குத் துணையாக நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆண்கள் இருவரும் தீவைப் பார்த்துவிட்டு வருவதாகப் புறப்பட்டார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷம். தனியாக நடந்தாலாவது கதைப்பார்களே.

பிரின்சிபல் வழக்கம்போல் போர்டை வாசித்தார். ஒன்றேகால் மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. அப்போது மணி பன்னிரண்டே முக்கால். போக மட்டுமே அரை மணித்தியாலம் எடுக்கும். அவர் தயங்கி நின்றார். ஹாஜியார் கடலைப் பார்த்தார். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் சோம்பிக் கிடந்தது. காற்றும் இல்லை.

நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுக்குக்கூட இல்லை. கடலோடு சேர்ந்த எங்கள் களப்பு ஏரியில் அதுவும் இல்லை. ஐம்பது வருஷம் கடலிலே கிடந்த மனிதருக்கு, கடல் இரண்டு மூன்று ஆள் உயரம் எழும்பி வரும் என்று யார் சொன்னாலும் ஏறாது. காற்றில்லாமல் கடல் எழும்புமா என்று கேட்டாராம். இந்த போர்டை எழுதியவர் ஒரு நாளாவது தொழிலுக்குப் போயிருப்பாரா என்றும் கேட்டாராம்.

சரி, படித்த மனிதர் பிரின்சிபல் ஏன் போனார்? அங்கேதான் இருக்கிறது எங்கள் ஆட்களின் பண்பாடு! ஏற்கெனவே டிசம்பரில் ஒரு மனக்கசப்பு. இப்போது கடல் விஷயத்திலும் சம்பந்தியை மறுத்துப் பேசினால் நன்றாக இருக்குமா? முழுகினாலும் பரவாயில்லை, சம்பந்தியின் முகம் வாடக்கூடாது. ஒன்றும் சொல்லாமல் பின்னால் நடந்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரன் இந்தக் காரணத்துக்காக ஒரு நாளும் தீவில் மாட்டியிருக்கமாட்டான்.

தீவில் பழைய கொங்கிரீட் கட்டிடங்கள். சுவர் முழுக்க யார் யாரோ கிறுக்கிய எழுத்து. பிரின்சிபல் அதையும் வாசித்தார். ஹாஜியார் உச்சிக்கு ஏறி, தூரத்தில் தெரிந்த பாலங்களைப் பார்த்தார். திரும்பிப் பாதையைப் பார்த்தபோது... பாதை இல்லை. தூண்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது.

கரையில் எங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. சத்தமே இல்லை. ஒரு அலைகூட அடிக்கவில்லை. தட்டில் பால் ஊற்றுகிற மாதிரி கடல் வந்து நிறைந்துவிட்டது. சாப்பாட்டுப் பையோடு வந்த நுஸ்ரா அப்படியே நின்றாள். நான் எழும்பித் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன்.

அங்கே நடந்ததை இரண்டு பேரும் பிறகு சொல்லிக் கேட்டிருக்கிறேன். மற்றதில் எல்லாம் இருவர் கதையும் வேறு வேறு. இந்த இடத்தில் மட்டும் ஒன்று.

ஹாஜியார் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். இடுப்பளவுதான் இருக்கும், தூண்களைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம் என்று. நாலு எட்டு வைத்தார். முழங்காலுக்கு வந்தது. குளிர் எலும்பில் ஏறியது. பக்கவாட்டு நீரோட்டம் காலை வாரியது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவர் சேட்டின் கொலரைப் பிடித்து இழுத்தது. காலையில்கூட நானா, நானா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், ஆயிரம் பிள்ளைகளை அடக்குகிற குரலில் சொன்னார்.

"ஏறுங்க மேல. இப்ப நான் சொல்றத்த கேளுங்க."

ஏறினார். கடலில் வைத்து ஒருவர் சொல்லி அவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கை ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் இந்தப் பத்தியே இல்லை. அல்ஹம்துலில்லாஹ். பிரின்சிபலுக்கு நான் தொழுகையில் தனியாக துஆ கேட்கிறேன், அவருக்கே தெரியாது.

கரையில் நாய்க்குட்டியோடு நடக்க வந்த ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை எடுத்து லைஃப்போட் என்கிற மீட்புப் படகுக்குச் சொல்லிவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, இது இங்கே அடிக்கடி நடப்பது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். வேறொரு இடத்தில் அவசர வேலை இருந்ததால் படகு வரக் கொஞ்சம் நேரமாகும், அவர்கள் மேட்டில் இருந்தால் ஆபத்து இல்லை என்று பதில் வந்தது. அஸ்ஹர் தன் வாப்பாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லி முடிக்க, பிரின்சிபலின் போன் செத்துப்போனது. ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு நுஸ்ரா நன்றாக அழுதாள். நானும் பரீதா டீச்சரும் ஃபிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டே இருந்தோம். பயம் போன பிறகு பெண்களுக்கு வாய் நிற்காது.

தீவில் என்ன நடந்தது?

மூன்று மணித்தியாலம். இரண்டு பேர். ஒரு மழைக்கோட்டு. ஒரு ரோஸ் தொப்பி. ஹாஜியார் நனைந்திருந்ததால் கோட்டைப் பிரின்சிபல் அவருக்குப் போட்டுவிட்டாராம். தொப்பி ஏற்கெனவே இவர் தலையில்தான் இருந்தது. இடிந்த சுவரின் மறைவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் பேசியது பிரின்சிபல். போர்டை வாசித்ததும் நான்தான், வாசித்துவிட்டு வந்ததும் நான்தான், என் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பேன் என்றாராம். ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார்.

"கடல்ல நான் பிழ உட்டது இது மொத தரமில்ல சேர்," என்றாராம். "ஒத்துக்கிட்டதுதான் மொத தரம்."

அதற்குப் பிறகு கதை வந்திருக்கிறது. ஏன் ஜூலை என்று ஹாஜியார் முதல் தடவையாக விளக்கமாகச் சொன்னார். வள்ளத்துக்கு நாலு பேர் வீதம் பன்னிரண்டு பேர் அவரோடு தொழிலுக்குப் போகிறார்கள். நுஸ்ராவை ஸ்கூலுக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான். கடலில் இவருக்கு நெஞ்சுவலி வந்தபோது வலையை அறுத்து விட்டுவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். டிசம்பரில் வைத்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் கடலில் நிற்பார்கள். அவர்கள் சாப்பிடாத சாப்பாட்டை யாருக்குப் போடுவது?

பிரின்சிபல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வாப்பா மௌத்தாகிவிட்டார். படிக்க வைத்து ஆளாக்கியவர்கள் இரண்டு மாமாமார், இருவரும் ஆசிரியர்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் இலங்கை முழுக்கப் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். லீவு விட்டால்தான் எல்லோரையும் ஒரு இடத்தில் பார்க்கலாம். அவர்கள் இல்லாமல் என்ன கல்யாணம்?

அப்பாடா... மாதத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். ஆறு மாதமாக ஜூலை, டிசம்பர் என்று மாதத்தின் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்தவர்கள், யாருக்காக என்று ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. நம் வீட்டுச் சண்டைகள் முக்கால்வாசி இப்படித்தான், இல்லையா?

பிறகு பிரின்சிபல், கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி மெதுவாகக் கேட்டாராம்.

"நானா, இப்ப உங்கட வள்ளமெல்லாம் எங்க ஈக்கிது?"

"கரையில. காத்துக் காலம்தானே."

"எங்கட ஸ்கூலும் இப்ப லீவு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆகஸ்ட்! வள்ளமும் கரையில், பள்ளிக்கூடமும் லீவில். அதனால்தானே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்கொட்லாந்துக்கு வந்து ஒரே கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இவ்வளவு நாளும் ஏன் தோன்றவில்லை? அதற்கும் காரணம் இருந்தது. பிரின்சிபலுக்கு ஆகஸ்ட் என்றால் உயர்தரப் பரீட்சை. ஆசிரியரான நாளிலிருந்து ஆகஸ்டில் பரீட்சை மண்டபத்தில் நின்றே பழகியவர். பரீட்சை வேறு மாதத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது. மனதில் மட்டும் இன்னும் மண்டபத்தில் நிற்கிறார். ஹாஜியாருக்கு ஆகஸ்ட் என்றால் தலவில தேவாலயத் திருவிழா. எங்கள் ரோட்டில் பஸ்ஸும் வானும் ஊர்ந்து போகும், விருந்தாளி வந்து சேரமுடியாது. திருவிழா சில நாளில் முடிந்து ரோடு வெறிச்சோடிவிடும் என்பதை, அந்த ரோட்டிலேயே வாழ்கிறவர் யோசிக்கவில்லை.

இருவரும் கைகொடுத்துக்கொண்டார்களாம். அடுத்த ஆகஸ்ட், கடைசி வாரம். பிறகு ளுஹர் தொழுதார்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று ஹாஜியார் சூரியனைப் பார்த்துச் சொல்ல, பிரின்சிபல் மறுபேச்சில்லாமல் நின்றாராம். அந்த ஒரு விஷயத்தில் இவர் பிழை விட்டிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நாலரை மணிபோல் லைஃப்போட் வந்தது. அதில் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் இளம் பெண்கள். பிறத்தியாருடைய வள்ளத்தில் ஏறமாட்டேன் என்று வாழ்ந்த மனிதரை, மகள் வயதுப் பிள்ளை ஒருத்தி கையைப் பிடித்து ஏற்றி, லைஃப் ஜாக்கெட்டும் மாட்டி, பட்டியை இறுக்கிவிட்டாள். மானம் கப்பலேறும் என்பார்கள், இவருடையது லைஃப்போட்டில் ஏறியது. வீடியோ எடுத்தது மருமகன். ஒரே ஒரு மச்சானுக்குத்தான் அனுப்பினாராம். பாலாவிக்கு எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் கரையில் இறங்கிய ஹாஜியாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். குளிரில் உதடு நீலம், பல் அடித்துக்கொள்கிறது, முகத்தில் மட்டும் அப்படியொரு வெற்றி! இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். லைஃப்போட் பிள்ளைகளுக்கு முறையாக ஒரு தேங்க்ஸ் சொல்லக்கூட இவரை நான்தான் தள்ளவேண்டியிருந்தது. நேரே நுஸ்ராவிடம் போனார்.

"மகள், ஆகஸ்ட்," என்றார். "நானும் பிரின்சிபல் சேரும் யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டம்."

நுஸ்ரா அவரைக் கட்டிப்பிடித்து மறுபடி அழுதாள். ஈரக் கோட்டும் ரோஸ் தொப்பியுமாக அவரும் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது மிகக் குறைவு. அஸ்ஹர் அந்த இடத்திலேயே போனை எடுத்து லீவுக்கு எழுதத் தொடங்கினார். பிரின்சிபல், எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்று முதலாவது, இரண்டாவது என்று எண்ணிப் போட்டு எங்களுக்கு விளக்கினார். பரீதா டீச்சர் ஒவ்வொரு காரணத்துக்கும் தலையை ஆட்டி, எனக்குத் தோணவே இல்லையே என்று வியந்தார். நானும் மாஷா அல்லாஹ் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கவனமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும் வழியில் ஹாஜியாருக்கு ஒரே ஒரு கவலை. ஆகஸ்ட் கடைசியில் புத்தளத்தில் மண்டபம் கிடைக்குமோ என்று. கிடைக்கும், துஆ செய்யுங்கள் என்றேன்.

உண்மையில் அந்த மண்டபத்தை என் தம்பி பேசி எடுத்து, அப்போது இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து முதல் கோப்பை தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், பரீதா டீச்சர் "ராத்தா, ஆகஸ்ட்ல வெச்சா என்ன?" என்று கேட்டார். இரண்டாவது கோப்பைக்கு முன்னால் தம்பிக்குப் போன் போட்டுவிட்டேன்.

ஹாஜியாருக்கு இன்றுவரை இது தெரியாது... பேப்பர் நாளை காலையில்தான் வீட்டுக்கு வரும்.